குடும்பம் இருக்கும்போது நண்பர் எதற்கு?

கேள்வி இது: “எனக்கு 38 வயது. குடும்பம் நன்றாக இருக்கிறது, வேலையிலும் குறையில்லை. ஆனால் மனம்விட்டுப் பேச நெருங்கிய நண்பர் என்று இப்போது யாரும் இல்லை. இது உண்மையிலேயே ஒரு குறையா, அல்லது நட்பு என்பதே படிக்கிற வயதோடு முடிந்துவிடும் ஒன்றா? நானாகத்தான் பெரிதுபடுத்திக்கொள்கிறேனா?”

பெரிதுபடுத்தவில்லை. குறைதான். சரிசெய்ய முடிந்த குறை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மனநல ஆலோசகராக இத்தனை வருடம் உட்கார்ந்து கேட்டதில், உங்கள் வயதுக்காரர்கள் மிகவும் தயங்கிச் சொல்வது இதைத்தான். கடன் தொல்லையைக்கூடச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ‘எனக்கு நண்பர் யாரும் இல்லை’ என்பதை மட்டும், பேசி முடித்து எழுந்த பிறகு, கதவருகே நின்றுகொண்டுதான் சொல்வார்கள். அதனால் நீங்கள் இதை நேராகக் கேட்டதே எனக்குப் பிடித்திருக்கிறது.

‘அடிப்படைத் தேவை’ என்ற சொல்லை உளவியலில் கொஞ்சம் கறாராகவே பயன்படுத்துகிறார்கள். ஆசை வேறு, தேவை வேறு. ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் ஏமாற்றம், அதோடு சரி. தேவை அப்படியல்ல. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது கிடைக்காதபோது மனம் வாடத் தொடங்கிவிடும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு அப்படிப்பட்ட தேவைகளாக மூன்றைச் சொல்கிறது. என் வாழ்க்கையை நான்தான் நடத்துகிறேன் என்ற உணர்வு ஒன்று. என்னால் முடியும், நான் செய்வதில் பயன் இருக்கிறது என்ற உணர்வு இன்னொன்று. எனக்கு ஆள் இருக்கிறது, நானும் ஒருவருக்கு முக்கியம் என்ற உணர்வு மூன்றாவது. ஒன்று நிறையக் கிடைக்கிறது என்பதால் மற்றொன்றை நிறுத்திவிட முடியாது. வெயிலில் வைத்திருக்கிறோமே என்று செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியுமா?

நட்பு என்றதும் எல்லாருக்கும் அந்த மூன்றாவதுதான் நினைவுக்கு வரும். அது சரிதான், ஆனால் பாதிதான். நல்ல நட்பு மூன்றையும் ஒரே நேரத்தில் தருகிறது. எப்படித் தருகிறது என்று பார்த்தால், குடும்பம் இருந்தும் உங்களுக்கு ஏன் ஏதோ குறைகிறது என்பது புரியும்.

முதலில் அந்தப் பிணைப்பையே எடுத்துக்கொள்வோம். ராய் பாமைஸ்டர், மார்க் லியரி இருவரும் 1995இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடிக்கடி எடுத்துப் பேசப்படுவது. யாரோடாவது சேர்ந்திருக்க வேண்டும் என்ற தேவை நிறைவேற இரண்டு விஷயம் வேண்டும் என்கிறார்கள். அடிக்கடி இதமாகச் சந்தித்துக்கொள்வது. அந்தச் சந்திப்பு, ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை உள்ள, நீடித்த உறவுக்குள் நடப்பது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். அலுவலகத்தில் தினமும் முப்பது பேரோடு பேசுகிறோம். சந்திப்பு உண்டு, அக்கறை குறைவு. வெளிநாட்டில் இருக்கும் பழைய தோழிக்கு நம்மேல் உயிர். ஆனால் பேசி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டிலும் மனம் அரைவயிறாகத்தான் இருக்கும். நடுவயதில் பலருக்கு நடப்பது இதுதான்: சந்திப்பவர்கள் ஒரு பக்கம், அக்கறை உள்ளவர்கள் இன்னொரு பக்கம் என்று வாழ்க்கை பிரிந்துபோகிறது.

சரி, அக்கறையும் சந்திப்பும் குடும்பத்திலேயே இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. குடும்பத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் குடும்பத்தில் அன்போடு கடமையும் பின்னிக் கிடக்கிறது. அண்ணன் தம்பி என்பது பிறப்பால் வருவது. கணவன் மனைவி உறவில் வீடு, பணம், பிள்ளைகள், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் என்று எல்லாமே சேர்ந்து வருகிறது. நண்பரை நம்மோடு கட்டிவைக்க எதுவுமே இல்லை. சட்டம் இல்லை, சொத்து இல்லை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயமும் இல்லை. நினைத்தால் போயிருக்கலாம், போகவில்லை. ‘இவர் தன் விருப்பத்தில்தான் என்னோடு இருக்கிறார்’ என்ற அந்த ஒரு அறிவு தருகிற நிம்மதியை வேறு எந்த உறவும் அதே வடிவில் தருவதில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கட்டாயமின்மையிலிருந்துதான் ‘என் வாழ்க்கையை நான்தான் நடத்துகிறேன்’ என்ற உணர்வும் வருகிறது. நெருக்கம் கூடினால் சுதந்திரம் குறையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நல்ல நட்பில் அது தலைகீழாக நடக்கும். என் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னதும் கவலை வந்துவிட்டது. நியாயமான கவலைதான், என் முடிவு அவர்கள் மாதச் செலவைத் தொடுகிறது. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் கல்லூரித் தோழன் ஒருவனிடம் போனேன். அவன் யோசனையே சொல்லவில்லை. ‘காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன தோணுது?’ என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லாமல் சம்பளத்தைப் பற்றிப் பேசினேன். அவன் குறுக்கிடவில்லை. பேசி ஓய்ந்ததும், ‘சரி, கண்ணு முழிச்சதும் என்ன தோணுதுன்னு கேட்டேனே’ என்றான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான்தான் பேசினேன். கிளம்பும்போது எனக்கு முடிவு தெரிந்திருந்தது: உடனே விட வேண்டாம், இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்துக்கொண்டு விடலாம். அது முழுக்க என் முடிவு. ஆனால் அவன் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் அது எனக்கு வந்திருக்காது.

டெசியும் ரயனும் இன்னும் சிலரும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நெருங்கிய நண்பர்களை இணை இணையாக எடுத்து இதைத்தான் பார்த்தது. நண்பர் நம் பார்வையை மதித்து, முடிவை நம்மிடமே விட்டு, துணை நிற்கும்போது உறவும் நன்றாக இருக்கிறது, மனமும் நன்றாக இருக்கிறது. அதை ஓரளவு எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு நெஞ்சில் நின்றது அடுத்த முடிவு. அப்படிப்பட்ட ஆதரவைப் பெறுவதைவிட, நண்பருக்குக் கொடுப்பதுதான் கொடுப்பவருடைய மனநலத்தோடு அதிகம் ஒட்டி நின்றது. நண்பர் இல்லாதவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை என்பதோடு குறை முடிவதில்லை. அவர் ஆறுதல் சொல்வதற்கும் ஆள் இல்லை. இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை.

‘என்னால் முடியும்’ என்ற உணர்வுக்கும் நட்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். திறமை தனியாகப் பயிற்சி செய்து வருவது. அதை நம்புவதற்கு இன்னொரு கண் தேவைப்படுகிறது. ஷெல்லி கேபிள் என்ற ஆய்வாளர் 2004இல் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு, கஷ்டத்தை விட்டுவிட்டு நல்ல செய்தியைப் பற்றிப் பேசியது. நமக்கு நடந்த நல்லதை ஒருவரிடம் சொல்லி, அவர் ஆர்வத்தோடு கேட்டால், அந்த நிகழ்ச்சி தந்த மகிழ்ச்சிக்கு மேலே கூடுதலாக ஒரு மகிழ்ச்சி சேர்கிறது. கேட்கும் விதம்தான் முக்கியம். பதவி உயர்வு கிடைத்தது என்று சொல்லும்போது, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘அப்படியா, நல்லது’ என்பது ஒரு விதம். ‘இனிமே வேலையும் அதிகமாகுமே’ என்பது இன்னொரு விதம். ‘எப்படி? முதல்லேருந்து சொல்லு. உன்னைக் கூப்பிட்டப்போ அவர் முகம் எப்படி இருந்தது?’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது மூன்றாவது விதம். அந்த மூன்றாவது ஆள்தான் நண்பர். நீங்கள் எத்தனை முறை தோற்ற பிறகு இது நடந்தது என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் அப்படிக் கேட்கிறார்.

இதே உரிமையில்தான் நண்பர் இடித்துரைக்கவும் செய்கிறார். ‘நீ அவரிடம் பேசியது தப்பு’ என்று மேலதிகாரி சொன்னால் மனம் தற்காப்புக்குப் போய்விடும். நண்பர் சொன்னால் இரண்டு நாள் கோபம் இருக்கும், மூன்றாம் நாள் அது சரிதான் என்று தெரியும். நம்மிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒருவர் சொல்வதால் அது உள்ளே இறங்குகிறது.

அப்புறம், வாழ்க்கை நெடுக இது எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி அதுதானே.

சின்னஞ்சிறு வயதில் நண்பர் என்றால் கூட விளையாடுகிற ஆள். பொம்மையைக் கொடுத்தால் நண்பன், பிடுங்கினால் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து வயதில் ஏதோ ஒன்று மாறுகிறது. ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற மனநல மருத்துவர் இந்தக் கட்டத்துக்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுத்தார். இன்னொருவருடைய மகிழ்ச்சி தன் மகிழ்ச்சிக்குச் சமமாகக் குழந்தைக்கு முதன்முதலாகத் தெரிவது அந்த உயிர்த்தோழமையில்தான் என்றார் அவர். பெற்றோர் அன்பு குழந்தையைத் தேடி வருவது. இது குழந்தை தானாகப் போய்ச் சேருவது.

அந்த வயதில் ஒரு தோழி பக்கத்தில் இருப்பது உடம்பு வரைக்கும் வேலை செய்கிறது. வில்லியம் புகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் பலமுறை, சற்று முன் நடந்ததையும் அப்போது யார் கூட இருந்தார்கள் என்பதையும் எழுதினார்கள். உமிழ்நீரும் எடுக்கப்பட்டது, மன அழுத்தத்தில் ஏறும் கார்டிசால் அளவைப் பார்ப்பதற்காக. மனம் நோகும்படி ஏதாவது நடந்தபோது உயிர்நண்பர் கூட இல்லாத பிள்ளைக்குக் கார்டிசால் ஏறியது, தன்மதிப்பு இறங்கியது. நண்பர் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அந்த அளவு மாற்றம் இல்லை. நண்பர் ஏதாவது பெரிதாகச் செய்தாரா என்றால், இருந்தார், அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு காட்சி: வகுப்பில் திட்டு வாங்கிவிட்டு இடத்துக்குத் திரும்பும் சிறுமி, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் எதுவும் பேசாமல் தன் பென்சில் பெட்டியை இவள் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். இவள் அதைத் திறந்து மூடுகிறாள், திறந்து மூடுகிறாள். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றுவிடுகிறது.

பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை வகுப்பில் எல்லாருக்கும் பிடித்தவனாக இருப்பது வேறு, ஒரு நல்ல நண்பன் இருப்பது வேறு. ஐந்தாம் வகுப்பில் பார்த்த பிள்ளைகளைப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மீண்டும் பார்த்த ஆய்வு ஒன்று 1998இல் வந்தது. வளர்ந்த பிறகு இருந்த தன்மதிப்போடு சம்பந்தப்பட்டிருந்தது அன்று ஒரு நெருங்கிய நண்பர் இருந்தாரா என்பதுதான். பிள்ளைக்கு ஒரே ஒரு நண்பன்தான் இருக்கிறான் என்று கவலைப்படும் பெற்றோரிடம் நான் சொல்வது: அந்த ஒருவன் வீட்டுக்கு வரட்டும், இவனும் அங்கே போகட்டும்.

பதின்வயதில் நட்பின் வேலை வேறு. நான் யார் என்ற கேள்வியை ஒருவரிடம் ஒத்திகை பார்க்கிற வயது அது. வீட்டில் சொன்னால் உடனே அறிவுரையாகத் திரும்பி வரும் எண்ணங்களை நண்பரிடம் அரைகுறையாகவே வைக்கலாம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் காட்டியபடி, இரண்டு நண்பர்கள் ஒரே கவலையைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசிக் கிளறிக்கொண்டிருந்தால், நெருக்கமும் கூடுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடுகின்றன. மனம்விட்டுப் பேசுவதற்கும் புண்ணைக் கிளறுவதற்கும் வித்தியாசம் உண்டு. பேசி முடித்ததும் கொஞ்சம் இலேசாகிறதா, அல்லது முன்பைவிடக் கனக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இனி உங்கள் கட்டம். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நட்பு தேய்வதற்கு மனத்தில் ஏதோ கோளாறு காரணம் என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கணக்கு. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புதிதாக அறிமுகமானவர்கள் நண்பர்களாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். அறிமுகத்திலிருந்து சாதாரண நட்புக்கு வர சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள சுமார் 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். சேர்ந்து வேலை செய்யும் நேரத்தைவிட, சேர்ந்து சும்மா இருக்கும் நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டியது. இப்போது கணக்குப் போடுங்கள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்களுக்கு 200 மணி நேரம் சில வாரங்களில் ஓடிவிடும். உங்களுக்கு? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால்கூட 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். உங்களுக்கு நட்புகொள்ளும் குணம் போய்விடவில்லை. சும்மா சேர்ந்திருக்கும் நேரத்தைத் தானாகவே தந்துகொண்டிருந்த அந்த ஏற்பாடு போய்விட்டது.

கட்டாயமில்லாத உறவு என்று முன்னால் சொன்னேனே, அதற்கு விலையும் இங்கேதான் வருகிறது. குடும்ப உறவைக் கவனிக்காமல் விட்டால் சண்டை வரும், யாராவது கேட்பார்கள். நட்பைக் கவனிக்காமல் விட்டால் சத்தமே வராது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் இருக்காது. நட்பு முறிந்தவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். நட்பு உலர்ந்துபோனவர்கள்தான் அதிகம்.

முதுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 38இல் செய்வது 75இல் தெரியும். வயதானவர்களின் வட்டம் சுருங்கும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. லாரா கார்ஸ்டன்சன் என்ற உளவியலாளர் விளக்கியபடி, மீதியிருக்கும் காலம் கொஞ்சம் என்று உணரும்போது மனிதர்கள் மேலோட்டமான பழக்கங்களைத் தாங்களாகவே உதிர்த்துவிட்டு, மனத்துக்கு நெருக்கமானவர்களை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வைத்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 1,477 பேரைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. நண்பர் வட்டம் வலுவாக இருந்தவர்கள் அந்தப் பத்து ஆண்டில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பிள்ளைகளோடும் உறவினர்களோடும் இருந்த தொடர்பில் அப்படி ஒரு சம்பந்தம் தெரியவில்லை. நட்புதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போய் நண்பர்களைப் பார்க்க முடிகிறது என்பதும் அதில் கலந்திருக்கலாம். ஆனாலும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சகாக்களும் 2010இல் எழுதியதும் பொதுவாக இந்தத் திசையைத்தான் காட்டுகிறது: சமூக உறவுகள் வலுவாக உள்ளவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல்.

எண்களை விடுங்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் வந்திருந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருந்த நண்பர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி விளையாடுகிறார்கள். ‘அப்பா’ன்னு கூப்பிட ஆள் இருக்கு, ‘தாத்தா’ன்னு கூப்பிட ஆள் இருக்கு என்றார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, சின்ன வயதில் தனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, ‘இப்படிக் கூப்பிட இனிமே யாரும் இல்ல’ என்றார். பத்து வயதுப் பையனாக அவர் எப்படி இருந்தார் என்பதற்கு அந்த நண்பர்தான் கடைசிச் சாட்சி. அதற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. அந்த நண்பரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார்.

எல்லா நெருக்கமும் நல்லதல்ல என்பதையும் விட்டுவிடக் கூடாது. ‘அவளோடு பேசினால் என்னோடு பேசாதே’ என்பது நட்பின் பெயரில் வரும் கட்டுப்பாடு. உங்கள் வெற்றியைக் கேட்டதும் முகம் சுருங்குபவர் எத்தனை வருடப் பழக்கமானாலும் ‘என்னால் முடியும்’ என்ற அந்த இரண்டாவது தேவையை அரித்துக்கொண்டே இருப்பார். அதேபோல, ஆழ்ந்த மனச்சோர்வு இருப்பவருக்கு நண்பர் மருந்தாக முடியாது. அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகிறவராக இருக்கலாம். வாழ்க்கைத்துணையே எல்லாமாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அந்த ஒருவர்மேல் ஏற்றும் பெரிய பாரம். உங்களுக்கு ஒரு நண்பர் கிடைத்தால் வீட்டிலும் இலேசாக இருக்கும்.

எத்தனை பேர் வேண்டும்? ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் சொல்லும் கணக்கில், மனிதர்களின் மிக நெருங்கிய வட்டமே சுமார் ஐந்து பேர்தான், அதுவும் குடும்பத்தையும் சேர்த்து. ஆக, உங்களுக்குத் தேவை ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர்.

முதலில் புதியவரைத் தேடாதீர்கள். பழையவர்களில் ஒருவரை எடுங்கள். 200 மணி நேரம் ஏற்கெனவே கடந்தவர்கள் அவர்கள். இத்தனை வருடம் கழித்து எப்படிப் பேசுவது, என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வரும். பெக்கி லியூவும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் சோதித்தன: சும்மா நினைவுக்கு வந்ததாகச் சொல்லி ஒருவர் அனுப்பும் சிறு செய்தியை, அனுப்பியவர் நினைத்ததைவிடப் பெற்றவர் அதிகமாகவே மதித்தார். எதிர்பாராமல் வந்ததாக இருந்தால் இன்னும் அதிகம்.

செய்தியை மன்னிப்பில் தொடங்க வேண்டாம்; அது அவரையும் மன்னிப்புக் கேட்க வைக்கும். ‘ஒரு நாள் கண்டிப்பா சந்திக்கணும்’ என்றும் எழுத வேண்டாம், அந்த நாள் வராது. உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். ‘இன்னைக்கு பஸ்ஸுல ஒருத்தர் உன்ன மாதிரியே சிரிச்சார், திரும்பிப் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிடட்டுமா?’ இவ்வளவு போதும். பதில் வர மூன்று நாள் ஆகலாம். அவருக்கும் உங்களைப் போலவே 38 வயதுதானே. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்து வைக்கும்போது, அடுத்து எப்போது என்பதை அப்போதே பேசிவிட்டு வையுங்கள்.